சென்னையா, கோவையா?

மதுக்கரையில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். பெண்ணுக்கு வைத்தியப் படிப்புக்கு வேண்டிய மதிப்பெண் வந்துவிட்டது. கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் குறிப்பது? "சென்னைதான்!" என்கிறார் தகப்பனார். "அம்மிணி கோவையிலேயே படிக்கட்டுமே!" என்கிறாள் தாயார்.

சென்னைக் கல்லூரி 1835-இல் தோன்றியது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912-இல் பட்டம் பெற்றது அங்கேதான். அந்தக் கீர்த்தி சாமான்யமானதன்று. கோவைக் கல்லூரியோ 1966-இல் பிறந்தது. ஆயினும், இரண்டிலும் பயிற்சி ஆண்டு உள்பட படிப்பு 5½ ஆண்டுகள், டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அளிக்கும் பட்டமும் ஒன்றே.

பின் வித்தியாசம் எங்கே? வைத்தியத்தில் பாதி புத்தகத்தில் இருக்கிறது; மறுபாதி நோயாளியின் கட்டிலருகே இருக்கிறது. சென்னையில் கல்லூரியை அடுத்தே பெரிய ஆஸ்பத்திரி. அரிய நோய்களையும் பார்க்கலாம். கோவையில் கல்லூரி பீளமேட்டில், ஆஸ்பத்திரி திருச்சி சாலையில், அலைச்சல் உண்டு. ஆனால் அங்கே வரும் பொள்ளாச்சிக் குடியானவர் தம் நோவைச் சொல்லும் கொங்குப் பேச்சு, இந்தப் பெண்ணின் தாய்ப்பேச்சு. வீடும் அருகில், செலவும் குறைவு.

ஆகவே எந்தப் பக்கமும் நஷ்டமில்லை. பெற்றோர்களே, இவ்வளவு விவாதித்தீர்களே, பெண்ணை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இரவெல்லாம் கண்விழித்துப் படிக்கப் போகிறவள் அவள். பட்டியலின் முதல் வரியை அவளே எழுதட்டும்.