தொலைமருத்துவ ஆலோசனை: நோயாளிக்காக யார் பேசலாம்?

எங்கள் தொலைமருத்துவப் பிரிவுக்கு வரும் அழைப்புகளில் பலவற்றை நோயாளிகள் செய்வதில்லை; பிள்ளைகளோ மருமகளோ செய்கின்றனர். சென்னையில் பணிபுரியும் மகன், ஊரிலுள்ள தாயாருக்குத் தலைசுற்றல் என்று கூறி, இரத்த அழுத்த மாத்திரையை மாற்றித் தருமாறு கேட்கிறார். விடையளிக்குமுன் மருத்துவர், "அம்மாவுக்கு இதில் சம்மதமா? அவர்களிடம் பேச முடியுமா?" என்று வினவுகிறார். பெற்ற மகனிடமே இக்கேள்வியா என்று அவர் வருந்துவது இயல்பே.

ஆனால் இது விதியின்பாற்பட்ட கேள்வி. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ நடைமுறை வழிகாட்டுதல்களின்படி, நோயாளி தாமே அழைத்தால் அவருடைய சம்மதம் அதிலேயே அடங்கும். குழந்தைக்காகவும், சுயமாக முடிவெடுக்க இயலாதவருக்காகவும் பராமரிப்பவர் பேசலாம். மற்றவர்களுக்காகப் பேசுவோரிடம் நோயாளியின் ஒப்புதல் கடிதமோ உறவை நிறுவும் ஆவணமோ இருத்தல் வேண்டும். அல்லது நோயாளி முன்பு நேரில் வந்தபோது, "எனக்காக இவர் பேசலாம்" என்று கூறியிருத்தல் வேண்டும். மூன்றாவது வழியே எளிது. அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு வரும்போது அவ்வாறு கூறினால், கோப்பில் குறித்துக்கொள்வோம்.

மேற்சொன்ன தாயார் இணைப்பில் வந்தபோது, பழைய மாத்திரையையும் அதற்கு மாற்றாகத் தரப்பட்ட புதியதையும் அவர் சேர்த்தே உட்கொண்டுவந்தது தெரியவந்தது. மகன் அதை அறிந்திருக்கவில்லை.

மருந்து எழுதுவதிலும் வரம்புகள் உண்டு. நேரில் பார்த்து ஆறு மாதங்களுக்குள், அதே நோய்க்கு, அதே மருந்தைத் தொடர்ந்து தருவது எளிது. முதன்முறை பேசுவோருக்குச் சில மருந்துகளைக் காணொளியில் பார்த்த பின்னரே எழுத முடியும். மார்ஃபின் போன்ற மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதவே அனுமதியில்லை. எவ்வளவு வற்புறுத்தினாலும் எங்கள் விடை மாறாது.

விதிகளை நடைமுறைப்படுத்துவதில் எங்களுக்கும் இடர்ப்பாடுகள் உள்ளன. மலையோர ஊர்களில் காணொளி அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. ஒரே கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்துவதால், பெண்கள் தங்கள் நோயை வெளிப்படையாகச் சொல்லத் தயங்குகின்றனர். அந்நிலையில், தனியே பேசத்தக்க நேரத்தைக் குறிப்பிட்டால் நாங்கள் அப்போது அழைக்கிறோம். மருத்துவர் கையொப்பமிட்ட மருந்துச்சீட்டின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பலாம் என்று வழிகாட்டுதல் கூறினும், அதனை ஏற்கச் சில மருந்துக்கடைகள் தயங்குகின்றன. அவ்வாறு நேர்ந்தால், சீட்டிலுள்ள மருத்துவரின் பதிவெண்ணைக் கடைக்காரருக்குக் காட்டுங்கள்.

அழைக்கும்போது பழைய மருந்துச்சீட்டையும், உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரெனக் கைகால் செயலிழத்தல் ஆகியவற்றுக்கு எங்களை அழைத்துக் காத்திருக்க வேண்டா. உடனே 108-ஐ அழையுங்கள்.