ஏரிக்கரையில் கண்ணாடிச் சில்லுகள்

விடுமுறை நாளொன்றில் குடும்பத்துடன் பழவேற்காட்டுக்குச் சென்றிருக்கிறீர்களா? டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும், பனையோலையில் பெட்டி முடையும் நம் சமுதாயப் பெண்களின் கைத்திறனையும் கண்டிருப்பீர்கள். கரையோரம் சற்றே நடந்திருந்தால் உடைந்த மதுப்புட்டிகளையும் கண்டிருப்பீர்கள்.

அந்த ஏரியில் இருளர் மக்கள் வலையின்றி, ஆழமற்ற நீரில் கைகளாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுள் பெண்களும் உண்டு. மாலையில் ஒருவன் குடித்துவிட்டு எறிந்த புட்டி, மறுநாள் எந்தத் தாயின் விரலைக் கிழிக்குமோ!

"அரசாங்கமே விற்கிறது, எங்கே குடித்தால் என்ன?" என்று கேட்போர் உளர். இது அறியாமை. சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிவைத்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறையில் விற்றாலும், பொது இடத்தில் குடிபோதையில் காணப்படுவதே குற்றம் என்கிறது அச்சட்டத்தின் 4-ஏ பிரிவு. போதையில் பொது இடத்தில் தொல்லை தருவோனுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 24 மணி நேரச் சிறையோ 10 ரூபாய் அபராதமோ விதித்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவு அபராதத்தை 1000 ரூபாயாக உயர்த்தியதோடு, சமூக சேவையையும் ஒரு தண்டனையாக்கியுள்ளது. கரையைக் கெடுத்தவனையே கரையைக் கூட்டச் செய்தால் எவ்வளவு பொருத்தம்!

கிராமப்புறங்களில் பள்ளிவாசல், கோயில், பள்ளிக்கூடம் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றும் விதியுண்டு. ஆனால் அவ்விதி கடையின் தூரத்தைத்தான் அளக்கிறது. பையில் புட்டியுடன் கரைக்கு வருபவனை அது தடுக்காது.

மது விலக்கப்பட்ட அறிவிப்பு மதீனாவில் ஒலித்தபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக்கொண்டிருந்த அனஸ் (ரலி) அவர்கள் அதை வெளியே கொட்டினார்கள். வீதிகளில் மது ஓடியது. அங்கே காவலர் எவரும் தேவைப்படவில்லை. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். கண்ணாடிச் சில்லும் அதில் அடங்காதா? "குடிப்பவர்கள் நம் பிள்ளைகள் அல்லவே" என்று நாம் ஒதுங்குவது முறையன்று. நம் பிள்ளைகள் எவருமே அங்கில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லவும் இயலவில்லை.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூடுகிறது. தாய்மார்களே, நீங்களும் செல்லுங்கள். ஜமாஅத்தாரும் மீனவப் பஞ்சாயத்தாரும் ஒன்றாகவே மனுக்கொடுக்கட்டும். நீலகிரி மாவட்டத்தில் 2022இல் காலிப்புட்டிக்கு 10 ரூபாய் திருப்பித் தரும் ஏற்பாடு நீதிமன்ற ஆணையால் வந்தது, அதை எடுத்துக்காட்டுங்கள். படகுத்துறையா, கலங்கரை விளக்கப் பக்கமா, எந்த நேரத்தில் என்று இடத்தையும் பொழுதையும் தெளிவாக எழுதுங்கள். பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமுள்ள நகல் ஒன்றைப் பள்ளிவாசல் அலுவலகத்தில் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கிராமசபையில் அதைக் காட்டியே கேட்கலாம்.