இருக்கை தரும் இடுப்புவலி

புனேயில் சுவார்கேட்டிலிருந்து காத்ரஜ் போகும் டவுன் பஸ்ஸில் முன்வரிசையில் இடம் கிடைத்தால், ஓட்டுநரைக் கொஞ்சம் கவனியுங்கள். வேகத்தடை மீது சக்கரம் ஏறி இறங்குகிறது. வண்டி சமநிலைக்கு வந்த பிறகும் அவர் உடம்பு இரண்டு தடவை எழும்பி அமர்கிறது. ஒரு ஷிஃப்டில் இது எத்தனை முறை நடக்கும் என்று அவரும் எண்ணியிருக்க மாட்டார்.

குலுக்கலில் ரகம் உண்டு. நொடிக்கு 4 முதல் 6 தடவை மேலும் கீழுமாக வரும் அதிர்வுதான் உட்கார்ந்திருப்பவரின் கீழ்முதுகைப் படுத்துவது. உட்கார்ந்த உடம்பின் இயல்பான அதிர்வெண்ணும் ஏறத்தாழ அதுவே. ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் கைக்கும் உயரே போகிறதல்லவா, அப்படி இருக்கையில் வந்த அசைவு முதுகெலும்பில் பெரிதாகிறது. முதுகுத் தசை இறுகித் தாங்கப் பார்க்கும். ஆனால் அது இறுகுவதற்குள் சிறு தாமதம். அதற்குள் உடம்பு அடுத்த அசைவுக்குப் போய்விட, நேரம் தவறி இறுகிய தசையே முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டின் மேல் பாரத்தைக் கூட்டிவிடுகிறது.

மெத்தென்ற ஃபோம் காப்பாற்றும் என்று நினைப்போம். சாதாரண ஃபோம் மெத்தையோ நொடிக்குச் சுமார் 4 தடவை வரும் அதிர்வைப் பெருக்கிவிடும். ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷன் சீட் பரவாயில்லை. ஆனால் அதன் குமிழையும் உட்காருபவரின் எடைக்கேற்பத் திருப்பி வைக்க வேண்டும். காலை ஷிஃப்டில் 90 கிலோ ஆள் வைத்துவிட்டுப் போன அளவிலேயே மாலையில் 55 கிலோ ஆள் உட்கார்ந்தால் அந்த ஸ்பிரிங்கால் என்ன பயன்? இளக்கமாக இருந்தால் இன்னொரு தொல்லை: பெரிய பள்ளத்தில் இருக்கை அடிவரை இறங்கி 'டங்' என்று முட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் எட்டு மணி நேர வேலைக்கு அதிர்வு 0.5 மீட்டர்/நொடி² அளவைத் தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது; 1.15 உச்சவரம்பு. இந்தக் கணக்கில் அதிர்வு இரட்டித்தால் நேரம் கால்வாசியாகச் சுருங்கும். 1.0 அளவில் குலுங்கும் இருக்கையில் இரண்டே மணி நேரத்தில் அந்த முதல் எல்லை வந்துவிடும்.

ஜெர்மனி 1993இலேயே, நீண்டகால அதிர்வால் வரும் கீழ்முதுகு வட்டு நோயைத் தொழில்நோயாக ஏற்றது. ஆனால் 2002இல் 'லான்செட்' இதழில் வந்த பின்லாந்து ஆய்வு குட்டையைக் குழப்பியது. ஒருகரு இரட்டையர் 45 ஜோடி; ஒருவருக்கு வண்டி ஓட்டுவதே பிழைப்பு, உடன்பிறந்தவர் அவ்வளவாக ஓட்டாதவர். எம்.ஆர்.ஐ. படத்தில் வட்டுத் தேய்மானம் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

அப்படியானால் வலி பொய்யா? இல்லை. மற்ற பல ஆய்வுகளில் தொழில்முறை ஓட்டுநர்களுக்கு இடுப்புவலி அதிகம் என்றே தெரிகிறது. தேய்மானம் இருந்தும் வலியில்லாதவர்கள் ஏராளம். படம் சுத்தமாக இருந்தும் வலியால் துடிப்பவர்களும் உண்டு. மணிக்கணக்கில் அசையாத உட்காரல், திரும்பித் திரும்பிப் பார்த்தல், கிளட்ச் மிதித்தல் எல்லாம் அதிர்வோடு சேர்ந்தே வருகின்றன. படத்தை மட்டும் காட்டி ஓட்டுநரை வேலைக்கு அனுப்புவது அவசர முடிவு என்பேன்.

நெடுநேரம் ஓட்டிவிட்டு இறங்கியவுடன் மூட்டை தூக்க வேண்டாம். சில நிமிடம் நடந்துவிட்டுத் தூக்கலாம். புனே அருகே சாக்கன் பக்கம் சரக்கு ஏற்றி இறக்கும் டெம்போக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். வண்டியை எடுக்கும் முன் இருக்கைக் குமிழைத் தன் எடைக்குத் திருப்பிக்கொள்வது ஓட்டுநர் வேலை. அந்தக் குமிழ் திரும்புகிற நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது டிப்போவின் வேலை.