பைக்கில் லித்தியம் பேட்டரி மாட்டப் போறீங்களா... முதல்ல மீட்டர் வெச்சுப் பாருங்க!

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு தினமும் பைக்கில் வேலைக்குப் போய்வருபவர்கள் ஏராளம். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால், அன்றைய பிழைப்பே தடுமாறிவிடும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி அமலுக்கு வந்தபிறகு வெளியான பல மாடல்களில் கிக்கரும் இல்லை. அதனால்தான் எடை குறைந்த, நீண்ட நாள் உழைக்கும் லித்தியம் பேட்டரி மீது பலருக்கும் ஒரு கண். ஆனால், பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினால் மட்டும் போதாது.

என்ன வித்தியாசம்?

பைக்குக்கு வரும் லித்தியம் பேட்டரிகள் பெரும்பாலும் 'லித்தியம் அயர்ன் பாஸ்பேட்' வகை. 3.2 வோல்ட் செல்கள் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட். மற்ற லித்தியம் வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும். ஆனால், 14.6 வோல்ட்டுக்கு மேல் சார்ஜ் ஏறினால் செல் கெடத் தொடங்கும்; உப்பும், புகையும் வரலாம். பழைய ஈய பேட்டரியோ கொஞ்சம் அதிகமாக சார்ஜ் ஏறினாலும் தண்ணீர் வற்றி, சமாளித்துக்கொள்ளும்.

வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது, மெக்கானிக்குகள் 'ஆர்.ஆர் யூனிட்' என்று சொல்லும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். அது பழுதானால் 15, 16 வோல்ட் என்று எகிறும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் (பிஎம்எஸ்) உடனே இணைப்பைத் துண்டிக்கும். பேட்டரி காப்பாற்றப்படலாம், ஆனால், ஓடும் பைக்கில் தாங்கிப் பிடிக்க பேட்டரி இல்லாததால் வோல்டேஜ் இன்னும் ஏறி, ஹெட்லைட்டும் இசியூவும் போகலாம்.

இரண்டு நிமிட டெஸ்ட்

இன்ஜின் சூடானதும் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பேட்டரி முனைகளில் பிடியுங்கள். ஹெட்லைட் எரியட்டும். ஆக்ஸிலரேட்டரை மெல்ல முறுக்குங்கள்.

* 13.8 முதல் 14.4 வரை நின்றால் நல்லது.
* முறுக்க முறுக்க 14.6-ஐத் தாண்டினால், முதலில் ஆர்.ஆர் யூனிட்டை மாற்றுங்கள்.
* 13.3-க்குக் கீழேயே இருந்தால், லித்தியம் பேட்டரி முழுதாக சார்ஜ் ஆகாது. வயரிங், எர்த், காயிலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் சார்ஜ் போடும்போது...

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அது பெரிய பேட்டரி. பைக்கில் இருப்பது சிறியது. ஆனாலும், கவனம் ஒன்றுதான்.

* லித்தியத்துக்கான சார்ஜரையே பயன்படுத்துங்கள். ஈய பேட்டரியை மீட்கும் 'டீசல்ஃபேஷன்' வசதி உள்ள சார்ஜர் வேண்டாம்.
* தூங்கும்போது, வாசலை மறித்து, பெட்ரோல் டேங்க் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள்.
* பிஎம்எஸ் இல்லாத, பழைய செல்களை ஒட்டித் தயாரித்த மலிவு பேட்டரிகளைத் தவிர்த்துவிடுங்கள்.
* உப்பிய பேட்டரியைத் திரும்ப மாட்டவே மாட்டாதீர்கள்.
* கத்திரி வெயிலில் நின்ற பைக்கின் பேட்டரியை, சூடு ஆறியபிறகே சார்ஜ் செய்யுங்கள்.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். இல்லாவிட்டால், கடையில் பேட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன், "அண்ணே, ஒரு தடவை சார்ஜிங் வோல்டேஜ் பார்த்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள்!