பண்ணைக்குட்டையில் எந்த மீனை எடுப்பது?

அலபாமாவிலோ மிசௌரியிலோ கிராமத்துச் சாலையில் காரில் போனால் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தெரியும். பெரும்பாலும் ஓர் ஏக்கர், மிஞ்சினால் நாலைந்து ஏக்கர். இயற்கையாக அமைந்தவை குறைவு. ஓடைப் பள்ளத்துக்குக் குறுக்கே மண்கரை போட்டுக் கட்டியவைதான் அதிகம். 1930களின் வறட்சியும் புழுதிப்புயல்களும் அமெரிக்க விவசாயத்தைப் புரட்டிப் போட்டன. அதையொட்டி 1935இல் அமைந்த மத்திய அரசின் மண்வளப் பாதுகாப்புத் துறை, குட்டை கட்ட விவசாயிகளுக்கு ஆலோசனையும் உதவியும் கொடுத்தது. மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும், மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகக் கூடாது, நோக்கம் அதுதான். மீன் கூடவே வந்த லாபம்.

இந்தக் குட்டைகளில் விடப்படுவது பெரும்பாலும் இரண்டு இனம். ஒன்று புளூகில். உள்ளங்கை அகலத்தில் தட்டையான மீன், செவுள் மூடியின் ஓரத்தில் கரும்பொட்டு, முழுசாக வாணலியில் போட்டு வறுக்கத் தோதான அளவு. இன்னொன்று லார்ஜ்மவுத் பாஸ். அகன்ற வாய், விலாவில் நீளவாக்கில் கறுப்புப் பட்டை. தூண்டிலில் மாட்டினால் தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். புளூகில் பூச்சியையும் புழுவையும் தின்னும், பாஸ் புளூகிலைத் தின்னும். கேட்க எளிதாக இருக்கும் இந்த ஏற்பாடு அடிக்கடி கெட்டுப்போகிறது. கெடுப்பதிலும் சரிசெய்வதிலும் தூண்டில் போடுகிறவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் பல ஆண்டு ஆராய்ந்தவர் ஹோமர் ஸ்விங்கில். இன்று ஆபர்ன் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் அலபாமா கல்லூரியில் 1930களில் வேலையைத் தொடங்கினார். அவருடைய முறையில் சுற்றிவளைப்பு இல்லை: குட்டையில் மீன் விடு, சில காலம் கழித்துத் தண்ணீரை வடித்துவிடு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு மீனையும் எண்ணி நிறுத்துப் பார். அவர் கண்டதன் சாரம், ஒரு குட்டை தாங்கக்கூடிய மொத்த மீன் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்பது. அந்த எடை ஆயிரக்கணக்கான விரல் நீள மீன்களாகவும் இருக்கலாம், வறுக்கத் தகுந்த சில நூறு மீன்களாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதைத் தீர்மானிப்பது, எத்தனை வாய்கள் அந்த இரையைப் பங்கு போடுகின்றன என்பதுதான்.

நம்மூர்க் குளங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இதே வேலையைத்தான் செய்தது. சின்ன உருவத்திலேயே இனப்பெருக்கம் தொடங்கி, குளம் முழுக்கப் பெருகி, கடைசியில் எதுவும் வளராமல் நிற்கும். விரால் இருக்கும் குளத்தில் அந்த ஆட்டம் கொஞ்சம் அடங்கும். அமெரிக்கக் குட்டையில் விராலின் வேலையைச் செய்வது பாஸ்.

புதுக் குட்டைக்கு அங்கே வழக்கமாகச் சொல்லும் கணக்கு, ஏக்கருக்கு 500 புளூகில் குஞ்சு, 50 பாஸ் குஞ்சு. உரமிட்டுப் பராமரிக்கும் குட்டையென்றால் இரண்டு மடங்கு. ஆனால் இரண்டையும் ஒன்றாக விடக் கூடாது. புளூகிலை இலையுதிர்காலத்தில் விட்டு, பாஸை அடுத்த கோடைத் தொடக்கத்தில்தான் விடுவார்கள். அதற்குள் புளூகில் முட்டையிடும் பருவத்துக்கு வந்திருக்கும். பாஸ் குஞ்சுக்கு இரைத் தட்டுப்பாடு வராது.

இனி தூண்டிலோடு போகிறவருக்கு. ஒரு மணி நேரம் மீன் பிடித்தாலே குட்டையின் நிலை ஓரளவு பிடிபடும். கிடைக்கிற புளூகில் எல்லாம் மூன்று, நான்கு அங்குலத்தில் தலை பெருத்து உடம்பு வற்றி இருந்து, பாஸ் அபூர்வமாக, ஆனால் பெரிதாகக் கிடைத்தால், புளூகில் மிஞ்சிவிட்டது; பாஸ் போதவில்லை. அந்தக் குட்டையில் பாஸை எடுக்கக் கூடாது. புளூகிலை எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இதற்கு நேர்மாறான நிலை இன்று அதிகம். பாஸ் வீச்சுக்கு வீச்சு மாட்டும். ஆனால் எல்லாம் எட்டிலிருந்து பன்னிரண்டு அங்குலத்துக்குள், வயிறு ஒட்டி இருக்கும். புளூகில் கொஞ்சமாகக் கிடைத்தாலும் கையளவுக்கு மேல் பெரிதாக இருக்கும். பாஸ் மிஞ்சிவிட்டது என்று பொருள். 1970களிலிருந்து பாஸ் போட்டிகளோடு பரவிய ‘பிடித்து விட்டுவிடு’ பழக்கம் பெரிய ஏரிகளுக்கு நன்மை செய்தது. அதை அப்படியே ஓர் ஏக்கர் குட்டைக்குக் கொண்டுவந்ததுதான் தவறு. பிடித்த பாஸை எல்லாம் மரியாதையாகத் தண்ணீரில் விட்டுவிட்டு, பாஸ் ஏன் வளரவில்லை என்று கேட்பவர்கள் ஏராளம். பசித்த கூட்டத்தில் ஒன்றைத் திருப்பி விடுவது அந்த மீனுக்கே நன்மையில்லை. பன்னிரண்டு அங்குலத்துக்கு உட்பட்ட பாஸைச் சட்டிக்கு எடுத்துச் செல்ல வேண்டும், பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை விட்டுவிட வேண்டும் என்பது பல இடங்களில் தரப்படும் ஆலோசனை. சின்ன பாஸின் சதை வெள்ளையாக, வாடையில்லாமல் இருக்கும். சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த ஆலோசனையை ஏற்பது எளிது.

ஒருவேளை உரிமையாளருக்கு பாஸ் மேல் ஆசையில்லை, பெரிய புளூகில்தான் வேண்டும் என்றால், அந்த மெலிந்த பாஸ் கூட்டத்தை அப்படியே விட்டுவைக்கலாம். அது புளூகில் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும், தப்பியவை கொழுக்கும். ஆகவே போன உடனே கேட்க வேண்டிய கேள்வி, உங்களுக்கு எந்த மீன் பெரிதாக வேண்டும் என்பது.

புளூகில் பிடிக்க நல்ல காலம் அது கூடு போடும் காலம். தண்ணீர் 21 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தொடங்கும். கோடை முடியும் வரை விட்டுவிட்டு நடக்கும். கரையோரம் முழங்கால், இடுப்பு ஆழத்தில் வெளிறிய வட்டக் குழிகள் ஒன்றையொட்டி ஒன்றாகப் பத்து, இருபது, சில நேரம் அதற்கும் மேல் தெரியும். ஒவ்வொரு குழியிலும் ஓர் ஆண் மீன் நிற்கும். வாலை அடித்து மண்ணைக் கிளறிக் குழியைச் செய்தது அது. பெட்டை முட்டையிட்டுப் போன பிறகு துடுப்பால் விசிறி முட்டைக்குக் காற்றோட்டம் கொடுப்பதும், கிட்டே வருவதை விரட்டுவதும் அதுவே. ஓரத்தில் சிறு ஆண்கள் பதுங்கி நிற்கும். கனடாவின் ஓபினிகான் ஏரியில் செய்த ஆய்வில், கூடு காக்கும் ஆண்கள் பருவமடைய ஏழு ஆண்டு வரை ஆவதும், இந்தத் திருட்டு ஆண்கள் இரண்டு மூன்று வயதிலேயே தயாராகிவிடுவதும் தெரிந்தது. பெட்டை முட்டையிடும் நொடியில் திருட்டு ஆண் குழிக்குள் பாய்ந்து தன் விந்தைக் கலந்துவிட்டு ஓடிவிடும்.

கூட்டில் நிற்கும் பெரிய ஆண் எதையும் கடிக்கும். வாளியை நிரப்புவது கஷ்டமே இல்லை, ஆபத்தும் அதில்தான். பெரிய ஆண்கள் போய்விட்டால் இளம் ஆண்கள் சீக்கிரமே பருவமடைகின்றன. அதன்பின் தின்றதெல்லாம் உடம்பு வளரப் போகாது, இனப்பெருக்கத்துக்குப் போகும். சில பருவங்களில் குட்டையின் மீன் அளவே குறுகும். நெஞ்சு செம்மஞ்சளாக, முதுகு கருத்து இருக்கும் பெரிய ஆண்களை விட்டுவிட்டு நடுத்தர அளவில் எடுப்பது நல்லது.

புளூகிலின் வாய் சின்னது. எட்டு அல்லது பத்தாம் எண் முள், அதில் ஒரு வெட்டுக்கிளி அல்லது அரைத் துண்டு மண்புழு, இரண்டடி மேலே விரல் நுனி அளவு தக்கை போதும். தக்கை பொசுக்கென்று மூழ்கும் வரை காத்திருக்க வேண்டாம். புளூகில் இரையை உறிஞ்சிக்கொண்டு பக்கவாட்டில் நகரும். தக்கை சாய்ந்து வழுக்கினாலே சுண்டிவிடலாம். கழற்றும்போது கையை நனைத்துக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து வால் நோக்கித் தடவினால் முதுகு முள் படிந்துவிடும், கையில் ஏறாது. பாஸுக்குப் பிளாஸ்டிக் புழு. நடுக்குட்டைக்கு வீசுவதைவிடக் கரைக்கு இணையாக வீசினால் பலன் அதிகம்; விழுந்த மரம், பாசி ஓரம், வடிகால் குழாய்ப் பக்கம் இவையே அது பதுங்கும் இடங்கள். நிழல் தண்ணீரில் விழாமல் நிற்க வேண்டும்.

கோடை உச்சத்தில் ஆழத்தில் போட்டுப் பயனில்லை. மேலே சூடான நீர், அடியில் குளிர்ந்த நீர் என்று குட்டை இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். அடி அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், அங்கே மீன் தங்காது. திடீரெனக் குளிர்ந்த மழை கொட்டி இரண்டு அடுக்கும் கலந்துவிட்டால் விடியும்போது மீன் செத்து மிதப்பதும் உண்டு. அதற்கு விஷமோ நோயோ காரணமாக இருக்க வேண்டியதில்லை.

குட்டை தனியாருடையது, அனுமதியில்லாமல் போனால் அத்துமீறல். சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்துக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். கேட் மூடியிருந்தால் மூடிவிட்டே போக வேண்டும், திறந்திருந்தால் திறந்தபடியே விட வேண்டும். மாடுகளை எங்கே விடுவது என்பது விவசாயியின் கணக்கு. அறுந்த தூண்டில் நரம்பைக் கரையில் போட்டால் மாட்டின் காலில் சுற்றும். பல மாநிலங்களில் உரிமையாளர் குடும்பத்துக்கு மீன்பிடி உரிமம் தேவையில்லை, விருந்தாளிக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது. கிளம்பும் முன் அந்தந்த மாநில விதியைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

இன்னொன்று, வேறு இடத்தில் பிடித்த மீனை வாளியில் கொண்டுவந்து விடக் கூடாது. கிராப்பி ருசியான மீன் என்பதால் பலருக்கு இந்த ஆசை வரும். சிறு குட்டையில் அது ஒரு நல்ல வருடம் கண்டால் அளவில்லாமல் குஞ்சு பொரித்துவிடும், பாஸ் குஞ்சின் இரையையும் பறித்துக்கொள்ளும். அந்த நிலை முற்றிவிட்டால் தண்ணீரை வடித்து, இருப்பதையெல்லாம் அழித்து, 500 புளூகில் 50 பாஸ் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.