தகுதியும் தாயக்கட்டையும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடிக்கு அருகே இருக்கிறது வரையாட்டுமொட்டை. பெயரே சொல்வதுபோல வரையாடுகளின் பாறைமேடு. சங்க இலக்கியத்தின் ‘வருடை’ என்று அறிஞர்கள் அடையாளம் காட்டும் அதே ஆடு. செங்குத்துப் பாறையில் கால் வழுக்காமல் ஓடுவது பிழைக்கிறது. ‘தக்கது பிழைக்கும்’ என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

ஆனால் எது தக்கது? பிழைத்ததுதான் என்றால், ‘பிழைத்தது பிழைக்கும்’ என்றாகிவிடுகிறது. தத்துவவாதிகளை நெடுநாள் குடைந்த சிக்கல் இது. அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு ஆடுகள். ஒன்றின்மேல் இடி விழுகிறது. மற்றது குட்டிகளோடு பெருகுகிறது. அதற்காக அதை அதிகத் தகுதியுள்ளது என்பதா? 1979இல் சூசன் மில்ஸ், ஜான் பீட்டி இருவரும் சொன்ன விடை: தகுதி என்பது பிறந்த குட்டிகளின் எண்ணிக்கை அல்ல, ஈனுவதற்கான இயல்புத் திறன். ஒருமுறை தாயம் விழாததால் கட்டையில் தாயமே இல்லை என்றாகிவிடுமா?

திறன் இருந்தும் அதிர்ஷ்டம் கைவிடலாம். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி 1964இல் புவனேஸ்வரில் மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் 1927இலேயே கணக்கிட்டார்: 1 சதவீத அனுகூலம் தரும் புதிய மரபணு மாற்றம் நிலைபெறும் வாய்ப்பு சுமார் 2 சதவீதமே. அதுவும் பெரிய கூட்டத்தில். சிறிய, தனித்துப்போன மந்தையில் நல்ல மரபணு தற்செயலாகவே தொலையலாம், கெட்டது வேரூன்றலாம். துண்டு துண்டான மலைப் புல்வெளிகளில் ஒதுங்கிவிட்ட வரையாட்டுக்கு இந்த ஆபத்து நிஜம். தமிழகம் 2022இல் அறிவித்த வரையாடு திட்டத்தில், ஆடுகளைப் பழைய வாழிடங்களில் மீண்டும் கொண்டுபோய் விடுவதும் ஒரு பகுதி.