தட்டிலே நின்ற குரல்

இசைத்தட்டுச் சேர்ப்போரின் பெட்டிகளில் எத்தனையோ பாடகர்களின் குரல்கள் உறங்குகின்றன. ஆயினும், பழந்தமிழ் நாடகப் பாடல்களைப் போற்றுவோர் தனியே எடுத்துப் பேணுவன எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகளாகும். குரலினிமை மாத்திரம் இதற்குக் காரணமன்று.

செங்கோட்டையில் 1906ஆம் ஆண்டிற் பிறந்த கிட்டப்பா, 1933இல் தமது 27ஆவது வயதிலேயே மறைந்தார். ஒலிபெருக்கியின் துணையின்றி, மிக உயர்ந்த சுருதியிற் பாடி, கொட்டகையின் கடைசி வரிசையில் இருந்தோரையும் கவர்ந்தவர் அவர். இலங்கைக்கு நாடகமாட வந்த காலத்தில் அவரோடு இணைந்து நடித்துப் பின்னர் அவரை மணந்த கே. பி. சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்தார். அவ்வம்மையாரின் குரலை இளமை தொட்டு முதுமை வரை தட்டிலும் திரைப்படத்திலும் கேட்கலாம். கிட்டப்பாவின் குரலுக்கோ தட்டுகளே சாட்சி.

அச்சாட்சியும் முழுமையானதன்று. நிமிடத்திற்கு ஏறத்தாழ 78 முறை சுழலும் 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட இசையே அடங்கும். மேடையிலே ஒரு பாடலை நெடுநேரம் விரித்துப் பாடிய கலைஞர், தட்டிற்காக ஆலாபனையைச் சுருக்கி, முதல் அடியிலேயே இராகத்தின் உருவத்தைக் காட்டவேண்டியவரானார். இக்கட்டுப்பாடு இசைக்கு இழப்பே. எனினும், வீண் சொல்லில்லாத வெண்பாவைப் போன்ற ஒரு செறிவை அது தந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலிக்கும் நெடுந்தட்டு 1948இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, கிட்டப்பா மறைந்து 15 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பழைய தட்டு பெரும்பாலும் அரக்கினாலும் கற்பொடியினாலும் ஆனது. கை தவறினால் ஓடுபோல் உடைந்துவிடும். வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். அதனைப் பழைய கிராமபோனில் ஒலிக்கச் செய்யுந்தோறும் கனத்த உருக்கு ஊசி பள்ளங்களைத் தேய்க்கும். பக்கத்திற்கொரு புதிய ஊசி இடவேண்டும் என்று முன்னோர் கண்டிப்புடன் சொன்னது இதனாலேயே. சாராயம் கலந்த திரவங்கள் அரக்கைக் கரைப்பனவாதலால், அவற்றாற் தட்டைத் துடைத்தலும் தகாது. தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்காமல், உறையிலிட்டு நிமிர்த்தி வைத்தல் நன்று.

விரும்பிய பாடலை மீண்டும் மீண்டும் கேட்பதே அதனைத் தேய்த்து அழிப்பதுமாகும் என்பது இச்சேகரிப்பிலுள்ள பெரும் இடர். இன்று அதற்கு வழியுண்டு. பழுதற்ற மெல்லிய ஊசியால் ஒருமுறை ஒலிக்கச் செய்து, கணினியிற் பதிவுசெய்துகொண்டால், பின்னர் எத்தனை முறையும் தட்டைத் தொடாமலே கேட்கலாம். பரணில் தூசு படிந்து கிடக்கும் ஒரு தட்டு, உலகில் எஞ்சிய ஒரே பிரதியாகவும் இருக்கலாம். அது பழைய சாமான்களோடு எறியப்படும் நாளில், 27 வயதில் ஓய்ந்த குரலொன்று இரண்டாம் முறையும் ஓய்ந்துவிடும்.